முப்பது புளியங்கொட்டையும் ஒரு எதிர்க்கட்சித் தலைவரும் | பார்படாஸ் வ்லாக்

வணக்கம் மக்களே! இது 2024 பிப்ரவரி, பார்படாஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனிலிருந்து பேசுகிறேன். இன்றைக்குக் கடற்கரையும் கிடையாது, பறக்கும் மீன் வறுவலும் கிடையாது. இந்த ஊருக்கு ஒரு எதிர்க்கட்சித் தலைவர் கிடைத்துவிட்டார்! இரண்டு வருடமாக அந்த நாற்காலி காலி. போன வாரம் ரால்ஃப் தோர்ன் ஆளுங்கட்சியை விட்டு வெளியே வந்து அதில் உட்கார்ந்தார். செய்தி கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சந்தோஷத்தோடு ஒரு கோபமும் இருக்கிறது. முப்பது தொகுதியையும் ஒரே கட்சி வென்ற தேர்தல் பற்றிய என் பழைய வீடியோவின் கீழே, "முப்பதுக்கு முப்பதா? சண்டையே இல்லாத சட்டசபை, கொடுத்து வைத்தவர்கள்!" என்று நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஏன் என்று மேசை மேலேயே காட்டுகிறேன்.

இதோ, 30 புளியங்கொட்டை. இதைச் சேர்க்க நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே புளியைச் சர்க்கரையோடு பிசைந்து உருட்டி விற்பார்கள். என் காலை நேரத் தீனி அதுதான், உங்களுக்குத் தெரியும். சில உருண்டைகளுக்குள் கொட்டை இருக்கும், சிலவற்றில் இருக்காது. மூன்று பொட்டலம் சாப்பிட்டும் 22தான் தேறியது. மிச்சத்துக்காகச் சீப்சைடு சந்தைக்குப் போனேன். பஸ்ஸுக்குப் போக மூன்றரை டாலர், வர மூன்றரை டாலர், ஆக ஏழு. பார்படாஸ் டாலர்தான், இரண்டு கொடுத்தால் ஒரு அமெரிக்க டாலர். 2019 வரைக்கும் இதே பஸ் இரண்டு டாலராம்! எட்டுக் கொட்டைக்கு ஏழு டாலர் பயணம். ஆனால் வீட்டுக்கு வந்து எண்ணியபோது சரியாக 30. கை தட்டிக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இங்கே கீழ்சபையில் 30 தொகுதி, தொகுதிக்கு ஒரு கொட்டை. 2018 மே மாதம் மியா மோட்லியின் கட்சி முப்பதையும் வென்றது. 2022 ஜனவரியில் மறுபடியும் முப்பது. மோட்லியை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை மறைக்கப் போவதில்லை. இந்த நாட்டின் முதல் பெண் பிரதமர். 2021 நவம்பர் 30 அன்று பிரிட்டிஷ் ராணியை அரச தலைவர் இடத்திலிருந்து விலக்கி, நாட்டைக் குடியரசாக்கியதும் அவர் ஆட்சிதான். ஆனால் அவரைப் பிடிப்பது வேறு, அவரைக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போவது வேறு. இரண்டு தேர்தலிலும் ஓட்டுப் போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் எதிர்த்து நின்ற ஜனநாயகத் தொழிலாளர் கட்சிக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டுக்கு ஒரு கொட்டைகூட இல்லை.

இப்போது இந்தக் கிண்ணம்தான் அமைச்சரவை. பிரதமரோடு குறைந்தது ஐந்து அமைச்சர்கள் வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. 2018இல் மோட்லி அமைத்ததோ இருபது பேருக்கும் மேற்பட்ட அமைச்சரவை. அப்போது நாடு கடனில் மூழ்கியிருந்தது, வேலைக்கு ஆள் தேவைப்பட்டது என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். இருக்கலாம். நான் பார்ப்பது வேறு. இப்படி அள்ளி அள்ளிக் கிண்ணத்தில் போடுகிறேன், பாருங்கள். மேசையில் என்ன மிச்சம்? ஒரு பிடிகூட இல்லை.

கிண்ணத்துக்குள் போனவர்களுக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு. வியாழக்கிழமை அமைச்சரவைக் கூட்டத்தில் உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். முடிவு எடுத்த பிறகு வெளியே எல்லோருக்கும் ஒரே குரல். பிடிக்கவில்லையா, பதவியை விட வேண்டும். அமைச்சரவை ஒட்டுமொத்தமாக நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் அதே அரசியலமைப்பில் இருக்கிறது. ஆனால் நாடாளுமன்றத்தில் பெரும்பாலோர் அமைச்சர்களாகவே இருந்தால் யார் யாருக்குப் பதில் சொல்வது? இதுதான் என் ஆதங்கம் மக்களே. பெரிய நாட்டில் சில நூறு பேர் பின்வரிசையில், அதாவது அமைச்சர் பதவி இல்லாத உறுப்பினர்களாக, இருப்பார்கள். இங்கே மக்கள் தொகையே மூன்று லட்சத்துக்குக் கீழே, சபையில் 30 பேர். இதில் பின்வரிசை எங்கிருந்து வரும்?

ஐயோ, ஒரு கொட்டை உருண்டுவிட்டது... ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. இருங்கள், துடைப்பக்குச்சி கொண்டு வருகிறேன்.

கிடைத்துவிட்டது! இதையே தோர்ன் என்று வைத்துக்கொள்வோம். கிறைஸ்ட் சர்ச் தெற்குத் தொகுதிக்காரர், வழக்கறிஞர், பின்வரிசையில் இருந்தவர். 2018இல் முப்பதுக்கு முப்பது வந்தபோதும் ஒருவர் இப்படித்தான் கிளம்பினார், பிஷப் ஜோசஃப் அதர்லி. அவரும் அமைச்சர் இல்லை. இரண்டு முறையும் ஆள் வந்தது கிண்ணத்துக்கு வெளியிலிருந்துதான். சபையில் ஆட்சியை ஆதரிக்காதவர்களில் அதிகம் பேருடைய ஆதரவு யாருக்கோ, அவரே எதிர்க்கட்சித் தலைவர். ஆதரிக்காதவர் ஒருவர்தான் என்றால் அந்த ஒருவரே போதும்!

அந்த ஒருவரால் என்ன ஆகும் என்கிறீர்களா? செனட் என்கிற மேல்சபையில் இருக்கும் 21 பேரில் இரண்டு இடம் அவர் சொல்லும் ஆட்களுக்கு. பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். அரசாங்கப் பணம் எங்கே போனது என்று தோண்டும் குழு அது. இதைவிட முக்கியமான வேலை வேறு என்ன இருக்கிறது!

அப்புறம், 1994ஐ முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அப்போது சபையில் 28 இடம். எர்ஸ்கின் சாண்டிஃபோர்ட் பிரதமர். 1991இல் அரசு ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வெட்டியவர். ஜூன் மாதம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 14க்கு 12 என்று தோற்றார். சொந்தக் கட்சிக்காரர்களே சிலர் அவருக்கு எதிராக நின்றார்கள். சபையைக் கலைத்துத் தேர்தல் வைத்தார், செப்டம்பரில் எதிர்க்கட்சித் தலைவர் ஓவன் ஆர்தர் ஆட்சிக்கு வந்தார். அரசு ஊழியர் சம்பளத்தைக் குறைக்க முடியாதபடி 1995இல் அரசியலமைப்பையே திருத்தினார்கள். பின்வரிசையில் நாலு பேர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு இது ஒன்று போதும்.

இன்னொன்று! சபாநாயகர் உட்காரும் நாற்காலி இந்தியா கொடுத்தது, 1966இல் இந்த நாடு சுதந்திரம் அடைந்ததற்கான பரிசு. அதைக் கேட்டதிலிருந்து அந்தச் சபை மேல் எனக்கு ஒரு தனிப் பாசம்.

சபை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான் கூடும். அடுத்த கூட்டம் என்றைக்கோ, அன்றைக்கு நான் எந்த வேலையும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஒலிபரப்பைப் போட்டுவிட்டு, தோர்ன் முதலில் என்ன கேட்கிறார், எந்த அமைச்சர் எழுந்து பதில் சொல்கிறார் என்று குறித்து வைப்பேன். இந்த 30 கொட்டையும் அதுவரை மேசையிலேயே இருக்கும், 29 கிண்ணத்துப் பக்கம், ஒன்று எதிரே.