முறுக்குவதற்குத் திருகு இல்லாத டேப்பட்

வணக்கம். நான் பேசுவதை நிறுத்துகிறேன், பின்னால் ஓடுகிற சத்தத்தைக் கேளுங்கள்.

டிக்டிக்டிக்டிக்... தையல் மெஷின் மாதிரி இருக்கிறதா? இது திங்கட்கிழமை பதிவு செய்தது. கீழக்கரையிலிருந்து உச்சிப்புளிக்கு நம் பட்டறையைத் தேடி வந்த பழைய பெட்ரோல் கார். சொந்தக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வருடத்தில் ஒரு மாதம்தான் ஊர். மீதி நாளெல்லாம் கார் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது.

"தம்பி, டேப்பட்டைக் கொஞ்சம் முறுக்கிவிட்டால் போதுமாம்" என்றார். டேப்பட் என்றால், எஞ்சினில் சுழலும் கேமின் மேடு தள்ள, வால்வைத் திறந்துவிடும் துண்டு.

"காக்கா, இதில் முறுக்கத் திருகே கிடையாது" என்றேன். (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) நம்பவில்லை. போன வருடம் ஒரு பட்டறையில் முறுக்கியதாகச் சொல்லிப் பணமும் வாங்கியிருக்கிறார்கள். எதை முறுக்கினார்களோ!

இது ஹைட்ராலிக் டேப்பட். கவிழ்த்த கிண்ணம் போல ஓர் உருளை, உள்ளே சின்னப் பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், வழியை அடைக்கும் ஒரு குண்டு. பம்ப் தள்ளும் ஆயில் உள்ளே போய் அடைபட்டு நிற்கும். ஆயில் அமுங்காது, அதனால் கேமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே இடைவெளி விழாது. ஆயிலோடு காற்று புகுந்தால் காற்று அமுங்கிவிடும். இடைவெளி விழும், கேம் தட்டும்.

ஆகவே முதலில் ஆயில் குச்சியை எடுங்கள். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினாலும் தப்பு, எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதை மோர் கடைவது போலக் கடைந்து நுரையாக்கிவிடும். காலையில் இரண்டு மூன்று விநாடி மட்டும் தட்டி நின்றுவிட்டால் பயப்படாதீர்கள். நல்ல ஆயில் ஃபில்டர் போட்டுப் பாருங்கள். ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் பல மலிவு ஃபில்டர்களில் சரியாக இருப்பதில்லை.

நம் கடற்கரையில் எல்லாவற்றுக்கும் உப்புக் காற்றைத் திட்டுவோம். டேப்பட்டுக்குள் உப்பு போவதில்லை. ஆனால் சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் போல்ட்டும் கேஸ்கெட்டும் அரித்துப் புகை கசிந்தால், அதுவும் இதே டிக்டிக்தான். எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஓடும் எஞ்சினின் மேலே இருக்கும் வால்வு மூடியில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்துப் பிடியில் காதை வையுங்கள். ஃபேன் பெல்ட் பக்கம் துண்டு, சட்டை நுனி எதுவும் தொங்கக் கூடாது. சத்தம் கனமாக, அடியிலிருந்து, ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது கூடினால் அது டேப்பட் இல்லை. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

இந்தக் காருக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன், ஆயில் பிரஷரும் பார்த்தேன், சரியாக இருந்தது. சத்தம் பாதிதான் குறைந்தது. கசடைக் கரைக்கும் ஃபிளஷ் ஊற்றலாமே என்பீர்கள். கசடு கட்டிய பழைய எஞ்சினில் எனக்கு அதில் விருப்பமில்லை. பெயர்ந்த கட்டி பம்பின் சல்லடையை அடைத்தால் எஞ்சினே போய்விடும்.

கேமைக் கழற்றினேன். எட்டு டேப்பட். முட்டை அட்டையில் எண் எழுதி, எடுத்த வரிசையிலேயே வைத்தேன். ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகக் கூடாது, உள்ளே இருக்கும் பிஸ்டனும் ஜோடி மாறக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால் நல்லது கல் மாதிரி நிற்கும். இரண்டு மட்டும் பஞ்சு போல உள்ளே போயின. பிரித்தால், கருப்பட்டிப் பாகு காய்ந்தது போல பழுப்பாக ஒரு படலம்! இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, புது ஆயிலில் மூழ்கடித்து மெல்லிய கம்பியால் குண்டைத் தள்ளித் தள்ளிக் காற்றை வெளியேற்றினேன். கேமைச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டையும் மாற்றியாகிவிட்டது.

மூடியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஆயில் நிரம்பிய டேப்பட் வால்வைத் திறந்தபடி பிடித்திருக்கலாம், எஞ்சின் பிஸ்டன் அந்த வால்வில் இடிக்கும். அரை மணி நேரம் விட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

இன்னொன்று. வீட்டில் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எஞ்சின் சூடேறாமல் ஈரம் ஆயிலிலேயே தங்கிவிடுகிறது, கசடு அதில்தான் தொடங்குகிறது. ஓட்டினால் அரை மணியாவது ஓட்ட வேண்டும்.

சரி, ஸ்டார்ட் செய்கிறேன். தட்டுகிறது... இன்னும் தட்டுகிறது... இதோ, நின்றுவிட்டது. காக்கா, ஏறுங்கள், பாம்பன் பாலம் வரை போய் வருவோம்.