கரண்ட் போஸ்ட்டை விட ஆபத்தான கடை போர்டு! நெல்லை நடைபாதையில என்ன நடக்கு?

வணக்கம் மக்களே! நடைபாதையில நிக்கிற கரண்ட் போஸ்ட் ஆபத்தா, கடை வாசல்ல நிக்க வைக்கிற விளம்பர போர்டு, அதான் ஸ்டாண்டி, அது ஆபத்தா? ஸ்டாண்டிதான்னு அடிச்சுச் சொல்லுதேன். கடைசி வரை பாருங்க.

சட்டத்தை வேகமா முடிச்சிருவோம். நடைபாதை பொது இடம், விளம்பரம் வைக்கணும்னா அனுமதி வேணும். பேனர்னா அனுமதி எண்ணை அதுலயே அச்சடிச்சிருக்கணும். அனுமதி வாங்காம விளம்பரப் பலகை வச்சா 3 வருஷம் ஜெயில், இல்லன்னா 25,000 ரூபாய் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்னு 2023-ல அரசு அறிவிச்சுது. "எங்கடை முன்னாடிதான?"ன்னு கேப்பாங்க. கடை நடையோட உங்க இடம் முடிஞ்சுட்டு அண்ணாச்சி!

இப்பதான் முக்கியமான விசயம்.

(காட்சி: பாளையங்கோட்டை, சாயங்காலம்)

1890-லயே பார்வையற்றவங்களுக்குக் கல்வி தொடங்கின ஊர் பாளை. வெள்ளைக் குச்சியோட நடக்கிறவங்களை இங்க தினமும் பாக்கலாம். அப்படி ஒரு சிநேகிதர்கூட நடந்தேன். போஸ்ட் வருதுக்கு முன்னாடியே லேசா ஒதுங்குதார்! எப்படின்னு கேட்டா, "திருப்பத்துல இருந்து 22-ஆவது எட்டு. அது நகராதுல்லா?"ன்னார்.

நாலு எட்டு தள்ளி ஒரு ஜவுளிக்கடை போர்டு. கூரை மாதிரி ரெண்டு பலகையைச் சாய்ச்சு வைப்பாங்கள்லா, அதுதான். குச்சி போர்டோட ரெண்டு காலுக்கு நடுவுல புகுந்துட்டு, எதுலயும் தட்டல. நான் கையைப் பிடிக்கதுக்குள்ள மேல்விளிம்பு அவர் வயித்துல இடிச்சிட்டு. தடவிப் பாத்துட்டு, "நேத்து இது இங்க இல்லையே"ன்னார். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. போஸ்ட்டை மனப்பாடம் பண்ணிரலாம். தினம் இடம் மாறுத போர்டை என்ன செய்ய?

மனுசன் நகத்தலன்னா காத்து நகத்தும். ஆனி, ஆடியில கரண்ட் எடுக்கிற கயத்தாறு காத்தாடியைச் சுத்துத அதே மேகாத்து, அதான் மேற்குக் காத்துதான் டவுன்லயும் அடிக்கு. 6-க்கு 3 அடி ஃபிளெக்ஸ்ல 40 கிலோமீட்டர் வேகக் காத்து நேரா மோதுனா, சுமார் 15 கிலோ தள்ளு. வேகம் இரட்டிச்சா தள்ளு நாலு மடங்கு! அடியில ஒத்தைச் செங்கலை வச்சுட்டுப் போனா நிக்குமா? 2019-ல சென்னை பள்ளிக்கரணையில பேனர் சரிஞ்சு, ஸ்கூட்டர்ல போன பிள்ளை உயிரே போயிட்டு.

அந்த ஜவுளிக்கடை அண்ணாச்சிகிட்ட பேசினோம். மறுபேச்சு இல்ல, போர்டைத் தூக்கி வாசலுக்கு உள்ள வச்சார். தெருவுல இருந்து பாத்தா இப்பவும் நல்லாத் தெரியுது.

உங்க தெருவுல நடைபாதையை மறிச்சு நிக்கிற போர்டு எங்க இருக்கு? கமெண்ட்ல போடுங்க. கடை பேரு வேண்டாம், தெரு பேரு போதும். அடுத்த வாரம் அளவு டேப்போட வாறேன்.