தோற்ற பக்கத்தின் பின்கதவு

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். இந்த மழையில் மஸ்கெலியாவிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். போரில் தோற்றவர்கள் பக்கத்துக் கதைகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. சுற்றி வளைக்காமல் தொடங்கிவிடுகிறேன்.

கலிங்கத்துப்பரணி படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். சோழர் படை வென்றதும், தப்பி ஓடுகிற கலிங்க வீரர்களை வைத்துச் சிரிப்பு மூட்டுகிறார் சயங்கொண்டார். ஒருவன் வில் நாணை மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, கங்கையில் குளிக்க வந்த இடத்தில் அகப்பட்டேன் என்கிறான். பள்ளிக்கூடத்தில் நாங்களும் சிரித்தோம். அந்த நாண் பூணூல்காரன் ஊர் போய்ச் சேர்ந்தானா, பெண்சாதி என்ன கேட்டாள்? பரணிக்கு அந்தக் கவலை கிடையாது.

புறநானூற்றுக்கு உண்டு. பறம்பு மலையை மூவேந்தரிடம் இழந்த பாரியின் மகளிர் பாடிய 112ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். ஐந்தே வரி. அன்றைக்கு இதே நிலவில் அப்பா இருந்தார், குன்று எங்கள் கையில் இருந்தது. இன்றைக்கும் நிலவு இருக்கிறது. குன்றும் போச்சு, அப்பாவும் இல்லை. மலையில் பிறந்த நமக்கு இதற்கு உரை வேண்டாம்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் 1945இல் ஐவோ ஜிமா தீவில் நடந்த சண்டையை 2006இல் இரண்டு படமாக எடுத்தார். ஒன்று கொடி நட்ட அமெரிக்கர் பக்கம். மற்றது 'லெட்டர்ஸ் ஃப்ரம் ஐவோ ஜிமா', ஜப்பான்காரர் பக்கம், பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே. அதில் சைகோ என்றொரு சிப்பாய். ஊரில் பேக்கரி வைத்திருந்தவன். கடற்கரையில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டே, நமக்கு நாமே புதைகுழி வெட்டுகிறோமோ என்று யோசிக்கிறான். அந்த இரண்டாம் உலகப் போரில் நாம் வென்ற பக்கம் தெரியுமா? 1944 முதல் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் நம்ம பேராதனைப் பூங்காவில்தான் இருந்தது. அதற்காகத் தேயிலைத் தோட்டத்தில் எவருக்கும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, கூடுதலாகப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை!

சரி, தோற்றவர் சொன்னால் எல்லாம் நியாயமாகிவிடுமா? 'கான் வித் த விண்ட்' 1936இல் நாவலாக வந்தது, 1939இல் படமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலத்தார் கதை. பசி தாங்காமல் நாயகி மண்ணிலிருந்து கிழங்கைப் பிடுங்கிக் கடிக்கிறாள். நானும் கண் கலங்கினேன். அப்புறம்தான் உறைத்தது. அவர்கள் பறிகொடுத்தது ஒரு பருத்தித் தோட்டம், அதில் பாடுபட்டவர்கள் அடிமைகள். முதலாளி தோற்றதால்தான் அவர்களுக்கு விடுதலை. பங்களா வராந்தாவிலிருந்து சொன்ன கதைக்கு, லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த நான் அழுதிருக்கிறேன்!

அந்த வீட்டு வேலைக்காரியாக நடித்தவர் ஹாட்டி மெக்டானியல். அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவரால் போக முடியவில்லை. கறுப்பரைப் பிரித்து வைக்கிற சட்டம். 1940இல் ஆஸ்கர் கிடைத்தது, கறுப்பினத்தவர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கர். விருந்து மண்டபத்தில் அவருக்குச் சுவரோரமாகத் தனி மேசை.

என் தாத்தா தோட்டத்துத் துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். அவருக்கும் பின்கதவுதான். கடைசி வெள்ளைக்காரத் துரை பெட்டி கட்டிக்கொண்டு போன அன்று அவர் சமையலறையில் என்ன செய்துகொண்டிருந்தார், அழுதாரா, சிரித்தாரா, நான் கேட்டு வைக்கவில்லை. அந்தக் காலத்து பங்களா ஆட்களைத் தெரிந்த பெரியவர்கள் இங்கே யாராவது இருந்தால், தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் என்னைக் கூப்பிடுங்கள்.