வானமேறுவதும் நம் வேலைதான்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மார்களே, கோயில் வாசல் நெடுகப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சோழவந்தான் வட்டாரத்துத் தாய்மார்களே, பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘தொலைதூர விண்மீன் மண்டலங்களை ஆராய்வது காலத்தின் தேவையா, காசுக்குக் கேடா?’ இதுதான் இன்றைய தலைப்பு. காலத்தின் தேவையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், “வைகையில் தண்ணீர் இல்லை, வாய்க்காலில் தூர் வாரவில்லை, இதில் ஆயிரம் கோடி டாலருக்குத் தொலைநோக்கியா? கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போனானாம்” என்றார். நல்ல கைதட்டல். அவர் கவலை எனக்கும் உண்டு. கடைமடையில் நிலம் வைத்திருக்கும் குடும்பம்தான் நானும். அதனால் அவர் சொன்ன வைகைத் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

தண்ணீர் என்றால் என்ன? ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். என் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலே சொல்லும். சரி, அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பேரண்டம் தொடங்கிய பெருவெடிப்பிலிருந்து. அன்று இருந்தது ஹைட்ரஜன், ஹீலியம், கூடவே துளி லித்தியம். ஆக்சிஜன் கிடையாது. தண்ணீர் உண்டாகவே வழி இல்லை. நட்சத்திரம் ஒன்று பிறந்து, தன் வயிற்றுக்குள் ஆக்சிஜனை உண்டாக்கி, வெடித்துச் சிதறினால்தான் அது வெளியே வரும். அப்படியானால் முதல் நட்சத்திரங்கள் எப்போது எரிந்தன? அவை கூடி முதல் விண்மீன் மண்டலங்கள் எப்படி உருவாயின? இதைக் கேட்பவன் தண்ணீரின் பூர்வீகத்தைத்தான் கேட்கிறான்.

2024-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஒரு விண்மீன் மண்டலத்தை உறுதி செய்தது. ‘ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0’ என்று பதிவேட்டுப் பெயர். அதன் ஒளி நம்மிடம் வந்து சேர அவ்வளவு காலம் ஆகிறது; அதனால் பெருவெடிப்பு நடந்து 30 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில் அது எப்படி இருந்ததோ, அப்படியே இன்று நமக்குத் தெரிகிறது. அடுத்த ஆண்டே, சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் இருக்கும் ஆல்மா தொலைநோக்கி அதில் ஆக்சிஜன் இருப்பதைக் கண்டுபிடித்தது. யோசித்துப் பாருங்கள் ஐயா. அதற்குள் அங்கே நட்சத்திரங்கள் பிறந்து, வாழ்ந்து, இறந்தும் போயிருக்கின்றன. இவ்வளவு சீக்கிரம் அது நடந்திருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இந்தச் செய்தியைப் படித்த அன்று பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் இதைத்தான் பேசினேன்.

“அவ்வளவு தூரத்தில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும், சும்மா அடித்து விடுகிறார்கள்” என்று முன்வரிசையில் ஒரு தம்பி சொன்னது என் காதில் விழுந்தது. நியாயமான சந்தேகம், தம்பி. வானத்தில் ஒரே இடத்தை வேறு வேறு ஒளி வடிகட்டிகள் போட்டுப் படம் எடுக்கிறார்கள். குறைந்த அலைநீளத்தில் எடுத்தவை முதலில், நீண்ட அலைநீளத்தில் எடுத்தவை பின்னால் என்று படங்களை வரிசையாக வைக்கிறார்கள். முதல் படத்தில் அந்த இடம் வெறும் இருட்டு. இரண்டாவதிலும் இருட்டு. மூன்றாவதிலும் அப்படியே. அப்புறம் ஒரு படத்தில் சட்டென்று ஒரு புள்ளி வந்து நிற்கிறது; அதற்குப் பிந்தைய எல்லாப் படத்திலும் இருக்கிறது. ஏன்? குறிப்பிட்ட அலைநீளத்துக்குக் குறைந்த புறஊதா ஒளியை வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடும். மிஞ்சிய ஒளி நம்மிடம் வந்து சேர்வதற்குள் பேரண்டமே விரிந்துகொண்டு போகிறது; ஒளியின் அலையும் கூடவே நீள்கிறது. நான் சொன்ன மண்டலத்தின் ஒளி ஏறக்குறைய 15 மடங்கு நீண்டு, புறஊதாவாகக் கிளம்பியது அகச்சிவப்பாக வந்து சேர்ந்திருக்கிறது. அலை எவ்வளவு அதிகம் நீண்டிருக்கிறதோ, அவ்வளவு தூரம்; ஆகவே புள்ளி எந்தப் படத்தில் தொடங்குகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணிக்கிறார்கள். அதோடு விட்டுவிடுவதும் இல்லை. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, நிறமாலை எடுத்துப் பார்த்த பிறகுதான் உறுதி என்கிறார்கள்.

“முதலில் வயிறு, அப்புறம் வானம்” என்றார் அண்ணன். இதற்குப் பதில் நம் பழனி மலையிலேயே இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்த பஞ்சம். அதற்குப் பிறகு அரசாங்கத்துக்கு ஒரு கேள்வி வந்தது: பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா? அந்தத் தேடலின் தொடர்ச்சியாக எழுந்ததுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். மழையின் முழு ரகசியம் அங்கே கிடைத்துவிடவில்லை. ஆனால் 1909-ல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில், அதாவது சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளிகளில், வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறது. பசி தெரிந்த மண்தான் வானத்தைப் பார்த்தது, அண்ணே.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஜேம்ஸ் வெப்புக்கு ஆயிரம் கோடி டாலர் ஆனது உண்மை. இருபது ஆண்டுகளுக்கு மேல் பரந்த செலவு அது. நாசாவும் ஐரோப்பாவும் கனடாவும் சேர்ந்து கட்டியது. ஆனால் பலன் அவர்களுக்கு மட்டுமா? எந்த நாட்டுக்காரரும் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தவர் யார், எந்த நிறுவனம் என்பதை மறைத்துவைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். எடுத்த படங்களும் பெரும்பாலும் ஓராண்டுக்குள் பொதுவுக்கு வந்துவிடும். அப்படிப் பொதுவில் கிடந்த தரவை எடுத்துத்தான், புனேயில் ராஷி ஜெயின் என்ற ஆராய்ச்சி மாணவியும் அவருடைய வழிகாட்டி யோகேஷ் வாடடேகரும் ‘அலக்நந்தா’ என்ற சுருள் மண்டலத்தைக் கண்டுபிடித்தார்கள். பெருவெடிப்புக்கு 150 கோடி ஆண்டுகள் கழித்து, நம் பால்வழியைப் போன்ற சுருள் வடிவில், இரண்டு கைகள் தெளிவாகச் சுருண்டு நிற்கிறது. அவ்வளவு இளம் வயதில் இப்படி ஒரு ஒழுங்கு வந்திருக்காது என்பதே அதுவரை இருந்த எண்ணம்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய காலத்திலிருந்து வரும் வானொலி அலைச் சைகை கிடைத்துவிட்டதாக 2018-ல் அமெரிக்கக் குழு ஒன்று அறிவித்தது. நம் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘சரஸ்’ என்ற ஆன்டெனாவைத் தெப்பத்தில் ஏற்றி, கர்நாடகத்துச் சராவதி ஆற்றின் தேக்கத்தில் மிதக்கவிட்டார்கள். தரையில் வைத்தால் அடியிலுள்ள மண்ணும் பாறையும் அளவைக் குழப்பும்; தண்ணீர் ஒரே சீராக இருக்கும். அளந்து பார்த்து, அந்தச் சைகை இல்லை என்று 2022-ல் உலகத்துக்குச் சொன்னார்கள். இதற்கு ஆயிரம் கோடி டாலர் தேவைப்படவில்லை, ஐயா.

இன்றைக்கும் வெப் எடுத்த படங்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. பேரண்டத்தின் முதல் நூறு, இருநூறு கோடி ஆண்டுகளில் நிறைய இருந்திருக்கின்றன, பிற்காலத்தில் அரிதாகிவிட்டன. வளர்ந்துகொண்டிருக்கும் கருந்துளைகள் என்கிறார்கள் சிலர், நெருக்கியடித்த நட்சத்திரக் கூட்டம் என்கிறார்கள் சிலர். முடிவு இன்னும் வரவில்லை. படங்கள் இணையத்தில் இருக்கின்றன. மேலூர், உசிலம்பட்டிக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் கையிலும் அதே இணையம் இருக்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். தீர்ப்பை எங்கள் அணிக்குக் கேட்டு அமர்கிறேன், நடுவர் ஐயா. நன்றி, வணக்கம்.