காதில் வைத்த பஞ்சும் கையில் மாட்டிய உறையும்

(பெங்களூரு பீன்யாவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிய தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, லேத்தோடும் கிரைண்டரோடும் நாளெல்லாம் உழைக்கும் தோழர்களே, வணக்கம்.

உங்களில் பலரிடம் ஹெல்மெட்டும் கையுறையும் முகக்கவசமும் இருக்கின்றன. சூப்பர்வைசர் வருகிறார் என்றதும் அவை உடம்பில் ஏறிவிடுவதும் எனக்குத் தெரியும். இருபது ஆண்டுகள் நானும் அப்படித்தான் இருந்தேன்.

காதிலிருந்து தொடங்குகிறேன். பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வது மனத்துக்கு ஆறுதல் தருமே தவிர, பிரஸ் மெஷினின் இரைச்சலை அது தடுப்பதில்லை. நுரைக் காதடைப்பானைச் சுத்தமான விரல்களால் திரிபோல மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலைப் பின்னோக்கித் தூக்கி, உள்ளே செலுத்தியபின் அது விரியும்வரை சுமார் 30 வினாடிகள் பிடித்திருக்க வேண்டும்.

இதில் ஒரு கணக்கு உண்டு. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும். 30 டெசிபல் ஏறினால் 1000 மடங்காகும். ஆகவே, 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானை 8 மணி நேர ஷிப்டில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தவரின் காது, அடைத்திருந்த ஏழரை மணி நேரத்தில் வாங்கியதைப்போல் 60 மடங்குக்கும் மேலான சத்தத்தை அந்த அரை மணியில் வாங்கிவிடுகிறது. அன்றைய நாளின் மொத்தப் பாதுகாப்பு ஏறத்தாழ 12 டெசிபலுக்கு இறங்கிவிடும். டீ குடிக்க வெளியே போய்க் கழற்றுவதில் தவறில்லை. பக்கத்து மெஷின்காரரிடம் பேசுவதற்காகக் கழற்றுவதுதான் ஆபத்து.

கையுறையின் கதை வேறு. கூர்முனைத் தகடுகளைத் தூக்க அது வேண்டும். சுழலும் டிரில்லிங் மெஷின் முன்னால் அது கூடவே கூடாது. நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், புதிதாகச் சேர்ந்த பையனுடைய பருத்திக் கையுறையிலிருந்து பிரிந்து தொங்கிய ஒரே ஒரு நூலைத்தான் டிரில் பிட் முதலில் சுற்றியது. ஸ்விட்சை அணைக்க நான் எட்டுவதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன. கையுறையின்றி வேலை செய்யாதீர் என்று சுவரில் எழுதியிருந்தது. அவன் அதற்குக் கீழ்ப்படிந்திருந்தான்.

முகக்கவசத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாடி இருந்தால் விளிம்பு முகத்தோடு ஒட்டாது. கீழ்ப்பட்டையை அறுத்துவிட்டாலும் ஒட்டாது. தூசிக்கான கவசம் தின்னர் ஆவியை நிறுத்தாது. அதற்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் பொருத்திய கவசம் வேண்டும்.

முதலாளிகளுக்கும் ஒரு சொல். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, தெறிக்கும் துகள்களிலிருந்து கண்களைக் காக்கத் தடுப்புத் திரை அல்லது கண்ணாடி தர வேண்டும் என்றது; அந்த வாக்கியத்தில் மெஷினில் பொருத்தும் திரைதான் முதலில் வருகிறது, தொழிலாளியின் முகத்தில் மாட்டும் கண்ணாடி அடுத்துத்தான் வருகிறது.

இந்த மேசையில் காதடைப்பான்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்து, நான் சொன்னபடி இப்போதே வைத்துப் பாருங்கள். அதன்பிறகும் என் பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்பவர்கள் கழற்றிவிட்டு மறுபடியும் உருட்டுங்கள்.