மலையகத்தில் முயல் கூடு: குளிரை விட ஈரத்துக்குப் பயப்படுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"எங்கட ஊர்க் குளிர் முயலுக்குத் தாங்குமா?" முயல் வளர்க்க நினைக்கும் மலையகத்தார் முதலில் கேட்பது இதைத்தான். தாங்கும். நுவரெலியாவில் தை மாதம் புல் மேல் உறைபனி விழுந்தாலும், உடம்பு காய்ந்திருக்கிற முயல் சுருண்டு படுத்துச் சமாளித்துவிடும். அதைக் கொல்வது ஈரமும், அடைபட்ட காற்றும். குளிருக்குப் பயந்து கூட்டைச் சுற்றிலும் பொலித்தீனால் மூடிவிடுகிறோம். உள்ளே மூத்திரத்திலிருந்து அமோனியா ஆவி எழுகிறது. அது மூக்கின் உட்சவ்வை அரித்த இடத்தில் கிருமி குடியேறுகிறது. தும்மல், சளி, கடைசியில் நுரையீரல் காய்ச்சல். முன்னங்கால்களின் உட்பக்க மயிர் திரித்திரியாக ஒட்டிக் கிடந்தால், முயல் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். தும்மல் உங்கள் காதில் விழாவிட்டாலும் அந்தக் கால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே முதலில் திசையைப் பாருங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சாரல் அடிக்கும். அங்கே கூட்டின் முதுகு தென்மேற்கைப் பார்க்க வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் பெருமழை மார்கழியை ஒட்டி வடகிழக்கிலிருந்து வரும். அங்கே முதுகை அந்தப் பக்கம் திருப்புங்கள். பக்கத்து ஊரில் பார்த்த கூட்டை அப்படியே உங்கள் முற்றத்தில் நிறுத்தினால் சாரல் நேரே உள்ளே வரக்கூடும். காலை வெயில் முன்பக்கம் படுமானால் நல்லது. மதிய வெயில் கூடாது. மாசி, பங்குனியில் தகரத்தின் கீழே வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் முயல் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். பதுளை போன்ற தாழ்ந்த இடங்களில் இது முக்கியம்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுத்தர முயல் இரண்டுக்குக் குறைந்தது ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் வேண்டும். முயல் பின்னங்காலில் நிமிர்ந்தால் காது கூரையில் முட்டக் கூடாது, முட்டினால் இன்னும் உயர்த்துங்கள். இஸ்தோப்பில் ஒரு மூலையில் வைக்கிற கோழிக்கூண்டு முயலுக்குச் சிறை. ஆறடிக் கூடு அமைத்தாலும் தினம் சில மணி நேரம் ஓடித் திரிய வேலியடைத்த இடம் வேண்டும்.

நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பலகை அடைத்த படுக்கை அறையாக்குங்கள். மீதிக்கு முன்னால் வலை, மற்ற மூன்று பக்கமும் பலகை. கூரைக்குச் சற்றுக் கீழே, பின்பலகையின் நீளத்துக்கு இரண்டங்குலம் திறப்பு விட்டு அதற்கும் வலை அடியுங்கள். கெட்ட காற்று அந்த வழியாக வெளியேறும், முயல் படுக்கிற உயரத்தில் காற்று வீசாது. தரையில் கம்பிவலை போடுகிறவர்கள் உண்டு. கழுவ வசதிதான், ஆனால் முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பது போன்ற மெத்தை கிடையாது. கம்பியில் நின்று நின்று பின்குதிகால் மயிர் உதிர்ந்து, சிவந்து, புண்ணாகிவிடும். ஓரங்குல மரச்சட்டங்களை அரை அங்குல இடைவெளியில் அடித்தால் புழுக்கை கீழே விழும், பாதமும் தப்பும். படுக்கை அறைக்கு முழுப் பலகைதான், மேலே காய்ந்த வைக்கோல். வெலிமடைப் பக்கம் நெல் அறுத்த காலத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மரத்தூளைத் தவிர்ப்பது நல்லது, தூசி மூக்குக்கு ஆகாது.

தகரக் கூரையில் ஒரு சங்கடம் உண்டு. இரவில் முயல் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, விடியற்காலையில் சொட்டும். மழையே பெய்யாத நாளில் வைக்கோல் நனைந்திருந்தால் காரணம் இதுதான். தகரத்துக்கு இரண்டங்குலம் கீழே மெல்லிய பலகையால் ஒரு தட்டு அடித்துவிடுங்கள். கூரை பின்பக்கம் சரிந்து, முன்னாலும், சாரல் படுகிற பின்பக்கத் திறப்புக்கு மேலாகவும் ஓரடி நீண்டிருக்கட்டும். பின்னால் வடிகிற தண்ணீர் கூட்டின் காலடியில் தேங்காமல் கானுக்குப் போகவும் வழி செய்யுங்கள்.

கூட்டைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்துங்கள். அட்டையும் மண் ஈரமும் எளிதில் அண்டாது. ஆனால் நாய், மரநாய், கீரி விடாது. மெல்லிய கோழிவலையை நாய் பல்லால் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, கம்பி பற்றவைத்த வலையே வேண்டும். ஓரங்களை வெறும் யூ ஆணியில் விடாமல், மேலே ரீப்பர் வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். கதவுக்கு இரண்டு கொண்டி. சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் ஓடவிட்ட முயலைப் பொழுது சாயுமுன் கூட்டில் அடைத்து, கூட்டையும் வீட்டுச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

முயல் மூத்திரத்துக்கு ஒரு மூலையையே தேர்ந்துகொள்ளும். அங்கே ஒரு தட்டு வைத்துத் தினமும் மாற்றினால் பாதி வேலை முடிந்தது. காலையில் கதவைத் திறந்ததும் முகத்தை உள்ளே நீட்டிப் பாருங்கள். கண் எரிந்தால் முயலுக்கு இரவெல்லாம் எரிந்திருக்கிறது. பின்புற மயிர் நனைந்து அழுக்காக இருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். மழைக்காலத்தில் தினமும் தூக்கிப் பாருங்கள்.

கூடு செய்து முடித்தவுடன் முயலை விடாதீர்கள். நல்ல மழை பெய்கிற ஓர் இரவு, உள்ளே முழுக்கப் பழைய பத்திரிகைத் தாளை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடம் நனைந்திருக்கிறதோ அந்த இடத்தை அடைத்துவிட்டு, இன்னொரு மழை இரவுக்குத் தாளை மாற்றிப் பாருங்கள். தாள் காய்ந்தே இருந்தால் முயலைக் கொண்டுவரலாம்.