நான்கு வயதுக் கையில் எலும்புகள் எங்கே? பென்சிலுக்கு முன்னால் ஒரு தட்டு மணல்

[திரையில்: ஒரு குழந்தையின் கை எக்ஸ்ரே]

இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். நான்கு வயதுக் குழந்தையின் கை. விரல் எலும்புகள் இருக்கின்றன, முன்கை எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் மட்டும் அங்கங்கே காலியிடம். பெரியவர்களுக்கு அந்த இடத்தில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. இங்கே அவற்றில் சிலவற்றைக் காணவில்லை. பயப்படாதீர்கள், யாரும் திருடவில்லை. அவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது. எட்டில் கடைக்குட்டி, பட்டாணி அளவில் இருக்கும் ஒன்று. அது தலைகாட்டவே பெரும்பாலும் எட்டு வயது தாண்டிவிடும்.

இந்தக் கையில்தான் நாம் கோடு போட்ட நோட்டைத் திணித்து, "கோட்டுக்கு வெளியே போகாதே" என்று அதட்டுகிறோம்.

வணக்கம். என் அக்கா மகன் எல்.கே.ஜி. சேர்ந்த இரண்டாவது மாதம் அவனுக்கு வந்த வீட்டுப்பாடம்: 'அ' இரண்டு பக்கம். முதல் வரியில் 'அ' இருந்தது. மூன்றாவது வரியில் அது நத்தையாகிவிட்டது. பக்கத்தின் அடியில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துக் காகிதமே பொத்தல். பள்ளியின் பெயர் வேண்டாம். உங்கள் தெருவிலும் அப்படி ஒன்று இருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு வகுப்பறைக்குள் சென்ற மாதம் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். தரையில் பாய். ஒரு பையன் சின்ன இடுக்கியால் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடுகிறான். ஒருத்தி பொம்மையின் பாவாடையைக் கொடியில் போட்டுத் துணிக் கிளிப் மாட்டுகிறாள். மூலையில் இருவர் சப்பாத்தி மாவு பிசைகிறார்கள். மூக்கு வரை மாவு.

"விளையாட்டு வகுப்பா, டீச்சர்?" என்று கேட்டேன்.

"இல்லை சார், எழுத்து வகுப்பு" என்றார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிளிப்பை என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், துணைக்கு நடுவிரல். பென்சில் பிடிக்கிற அதே மூன்று விரல்கள். கோலப்பொடியை எடுத்து இழை விடுவதும் ஏறக்குறைய இதே பிடிதான். கோலம் போடப் பழகிய பெண்களின் கையெழுத்து அழகாக இருப்பதற்கு இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆதாரமெல்லாம் இல்லை, என் அம்மாவின் கையெழுத்தைத் தவிர.

அடுத்து மணல். இந்த வீடியோவை எடுத்ததே இதற்காகத்தான்.

கருநீலத் தட்டு, அதில் சலித்த மணல். குழந்தை விரலை வைத்து இழுத்தால் மணல் விலகி நீலக் கோடு தெரிகிறது. தப்பா? தட்டை ஓர் ஆட்டு ஆட்டினால் போதும், தப்பு நடந்த சுவடே இருக்காது. வீட்டில் செய்வதானால் ரவை போதும். ஆனால் கொட்டி நிரப்பிவிடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். விரலை எடுத்ததும் கோடு சரிந்து மூடிக்கொண்டது. தட்டின் அடி மறையும் அளவு தூவினால் சரியாக வரும்.

"ஆகா, வெளிநாட்டு முறை" என்கிறீர்களா? இங்கேதான் கதையே.

1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் பிள்ளைகளுக்காக நடந்த ஆண்கள் அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் அவர் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கடந்து போகிறார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துப் பழகுகிறார்கள். மனிதருக்குப் பொறி தட்டிவிட்டது. தம் இல்லத்திலும் அதே போல் நடத்தச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. பெல் என்ன செய்தார் தெரியுமா? எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையை அவனிடமே ஒப்படைத்துவிட்டார். பையன் வெற்றிகரமாக நடத்திக் காட்டினான். சட்டாம்பிள்ளை என்று நாம் சொல்கிறோமே, அதே ஏற்பாடு!

பெல் ஊர் திரும்பி, 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகவே போட்டார். 'மதராஸ் முறை' என்று அதற்குப் பெயர் நிலைத்தது. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் மணல் பரப்பிய மேசையில் ஏ, பி, சி எழுதினார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1830களில் எழுந்த பள்ளி இன்றும் நடக்கிறது. அதன் பெயர் மதராஸ் காலேஜ். நாம் மதராஸைச் சென்னை என்று மாற்றிவிட்டோம், அவர்கள் மாற்றவில்லை. எனக்கு இதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. மணலைக் கொடுத்துவிட்டு, நாம் இரட்டைக் கோடு நோட்டை வாங்கிக்கொண்டோம்!

'கிண்டர்கார்டன்' என்று 1840இல் பெயர் வைத்த ஜெர்மானியர் ஃபிரோபெல்லும் பிள்ளைகள் கையில் நூல் பந்துகளையும் மரக் கட்டைகளையும்தான் கொடுத்தார். அவருக்குத் தனி வீடியோ போடுகிறேன்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியை மட்டும் விட முடியாது. மணலையே அட்டையில் ஒட்டிவிட்டவர் அவர். அட்டையில் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டுவது. குழந்தை இரண்டு விரல்களால் அதைத் தடவி, கூடவே அந்த ஒலியைச் சொல்வது. 1939இல் பயிற்சி வகுப்பு நடத்த அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்க, இத்தாலிக்காரர் ஆகையால் இங்கேயே மாட்டிக்கொண்டார். 1946 வரை இந்தியாதான். கொடைக்கானலிலும் பிள்ளைகளோடு இருந்தார்.

எந்த எழுத்தில் தொடங்குவது? 'அ' என்றுதான் நம் கை போகும். விஜயதசமி அரிசியில் எழுதுவதும் அதுதான். ஆனால் 'அ'வில் சுழி, வளைவு, நேர்க்கோடு எல்லாம் ஒரே எழுத்தில். அந்த டீச்சர் முதலில் எடுத்தது 'ட'. மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கமாக ஒரு கோடு, முடிந்தது. அதற்கு வலப்பக்கம் ஒரு சுவர் எழுப்பினால் 'ப'. மணலில் இதைத் தானே கண்டுபிடித்த பையன், "டீச்சர், 'ட' வீடு கட்டிவிட்டது!" என்று கத்தினான். என்னைக் கேட்டால் சாமிக்கு 'அ', பாடத்துக்கு 'ட'.

நீங்கள் முதன்முதலில் எழுதியது எதில்? மணலா, அரிசியா, சிலேட்டா? கீழே எழுதுங்கள், சிலேட்டை நக்கி அழித்தவர்கள் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம்.

கிளம்பும்போது புளியங்கொட்டைப் பாயில் ஒரு கூத்து. டீச்சர் ஆறு கொட்டைகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேராக இன்னோர் ஆறையும் வைத்தார். கிளிப் மாட்டிய அதே சிறுமி இரண்டையும் எண்ணினாள். ஆறு, ஆறு. அடுத்து டீச்சர் கீழ் வரிசையைக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பரப்பினார். "எதில் நிறைய?" அவள் யோசிக்கவே இல்லை: "கீழேதான் நிறைய."

ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே எழுதிவைத்த அதே பதில். இந்த வயதில் எண்ணத் தெரியும். ஆனாலும் கண்ணுக்கு நீளமாகத் தெரிந்தால் அதுதான் அதிகம். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, திருத்திவிடலாம் என்று. டீச்சர் உதட்டில் விரல் வைத்தார்.

சிறுமி இரண்டு வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பரப்பிக் கிடந்த கொட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, பழையபடி நெருக்கி வைத்தாள்.

"இப்போது சரியாகிவிட்டது" என்றாள் டீச்சரிடம், கொஞ்சம் கண்டிப்பாக.